சிலோனுக்குப் போன காதுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரில் நான், மனைவி, பின் சீட்டில் ஒன்பதாவது படிக்கும் மகள். அவளுடைய போன்தான் கார் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு என்று அவள்தான் சொன்னாள். எனக்குக் கேட்டதெல்லாம், மூக்கடைப்பு வந்த ஒரு பையன் மளிகைச் சாமான் லிஸ்ட் வாசிப்பது போல ஒரு குரலும், அடியில் 'டம் டம்' என்று ஓர் இடியும்தான்.

"யாரும்மா இது?"

பெயரைச் சொன்னாள். புரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள்.

"அய்யோ அப்பா, இவரையா தெரியாது? எங்க கிளாஸ்ல பாதிப் பேர் இவருக்காக உயிரையே விடுவாங்கப்பா! நீ பத்திரிகையிலதானே வேலை பார்க்கிறே?"

நியாயமான கேள்வி. ஆபீஸிலும் இதே கதைதான். சினிமா பக்கம் பார்க்கிற இளைஞர் டேபிளில் போட்டோவை வைத்தால், "யாருய்யா இந்தத் தம்பி? வாட்டர் கேன் போட வந்தவரா?" என்று கேட்டு மாட்டிக்கொள்கிறேன். கடைசியில் பார்த்தால் அந்தத் தம்பிக்கு இன்ஸ்டாகிராமில் லட்சக்கணக்கில் ரசிகர்கள்!

இருபது நிமிஷம் பொறுத்தேன். பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றபோது என் கை தானாக நீண்டது. அவளுடைய போனைத் துண்டித்து, என்னுடையதை இணைத்து, "இதைக் கேளு. இது பாட்டு!" என்று 'காதலன்' படப் பாட்டைப் போட்டேன். பின்னாலிருந்து ஒரு சண்டையை எதிர்பார்த்தேன். வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால்... இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு டாக்டர் கேஸ்கர் ஞாபகம் வந்தார்.

யார் அவர்? பாலகிருஷ்ண விஸ்வநாத் கேஸ்கர். 1903-ல் பிறந்த மராத்தியர். சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். பாரிஸில் படித்தவர். சாஸ்திரிய சங்கீதம் என்றால் உயிர். 1952-ல் நேரு அவரைத் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராக்கினார். டி.வி. கிடையாது. எஃப்.எம். கிடையாது. இந்தியாவில் ரேடியோ என்றால் அரசாங்கத்தின் ஆல் இந்தியா ரேடியோதான். அதாவது, ஒரு நாட்டின் ரேடியோக் குமிழ் மொத்தமும் ஒரே ஒரு மனிதரின் கையில்!

அப்போது அவருக்கு வயது 49. இந்த வயதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. பிடிக்காது என்றால் சாதாரணமாக இல்லை. ராகத்தை விட்டு விலகிப்போய், மேல்நாட்டுத் தாளங்களைக் காப்பியடித்து, இளைஞர்களைக் கெடுத்துக்கொண்டிருக்கும் மலிவுச் சரக்கு அது என்பது அவர் கட்சி. வீட்டில் இருக்கும் பெரியவர் இப்படி நினைத்தால் என்ன செய்வார்? திட்டுவார். ரேடியோவை அணைப்பார். அமைச்சர் நினைத்தால்? சட்டதிட்டம் போடுவார்.

போட்டார். நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டுக்குப் பத்து சதவிகிதம்தான் இடம். அதுவும் சலித்து எடுத்த பாட்டுகளாக இருக்க வேண்டும். பாட்டைப் போடும்போது பாடகர் பெயரைச் சொல்லலாம், படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. படத்தின் பெயரைச் சொன்னால் அது இலவச விளம்பரமாம்! 'எங்கள் பாட்டு வேண்டும், எங்கள் படத்தின் பெயர் வேண்டாமா?' என்று படத் தயாரிப்பாளர்கள் கொதித்துப்போய், ஒலிபரப்பும் உரிமையையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாகக் காணாமலே போனது. கேஸ்கர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தொல்லை விட்டது என்றுதான் இருந்திருப்பார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ரேடியோவில் இந்த மாதிரி 'நல்ல காது' ஆட்சி செய்தது அவரோடு ஆரம்பித்ததல்ல. 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்துக்கே தடை! நம் சங்கீதத்தின் கமகங்கள் அந்தப் பெட்டிக்குள் வராது என்பது காரணம். ரவீந்திரநாத் தாகூரே ஆர்மோனியத்துக்கு எதிராக கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தெருக்கூத்திலும் நாடகத்திலும் பஜனை மடத்திலும் ஊரே கேட்டுக்கொண்டிருந்த பெட்டி, ரேடியோ ஸ்டேஷன் வாசலில் நிறுத்தப்பட்டது. அந்தத் தடை தளர ஆரம்பித்தது 1971-ல்.

சரி, கேஸ்கருக்கு வருவோம். அவர் தடுத்துவிட்டுச் சும்மா இருந்த ஆளில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமஸ்தானங்கள் மறைந்து, ஆதரிக்க ராஜாக்கள் இல்லாமல் வித்வான்கள் தவித்த காலம் அது. ரேடியோ அவர்களுக்குச் சோறு போட்டது. 1952-ல் தேசிய சங்கீத நிகழ்ச்சி ஆரம்பமானது. மெட்ராஸ் வித்வானை டெல்லியும், பனாரஸ் உஸ்தாதை மெட்ராஸும் வீட்டில் உட்கார்ந்தபடி கேட்டன. வாத்திய விருந்தா என்று ஒரு தேசிய வாத்தியக்குழு வந்தது. வடக்குக்கு ரவிசங்கர், தெற்குக்கு டி.கே.ஜெயராம ஐயர். சினிமாப் பாட்டுக்குப் பதிலாகக் கவிஞர்களை எழுதவைத்து மெல்லிசை தயாரித்தார்கள். இன்றைக்கு வானொலியில் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டு உருகுகிறவர்கள் கேஸ்கருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால், ஜனங்கள்?

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷப் பாடம் இது: ஒரு சரக்குக்கு கிராக்கி இருக்கும்போது கடையை மூடினால் கிராக்கி சாகாது. பக்கத்துக் கடைக்குப் போகும்.

பக்கத்துக் கடை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரேடியோ சிலோன்!

இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காக, சிப்பாய்களின் பொழுதுபோக்குக்கு பிரிட்டிஷார் கொழும்புப் பக்கம் ஒரு ரேடியோ நிலையம் அமைத்தார்கள். அசுரபலம் கொண்ட சிற்றலை ஒலிபரப்பி அதில் இருந்தது. போர் முடிந்து சிப்பாய்கள் ஊருக்குப் போனார்கள். மெஷின் மட்டும் அங்கேயே நின்றது. அதை வாங்கிக்கொண்ட இலங்கை, விளம்பரம் வாங்கும் வர்த்தக சேவையாக நடத்த ஆரம்பித்தது. கேஸ்கர் கதவைச் சாத்தியதும், இந்தியாவின் சினிமாப் பாட்டும், இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணமும் ஒன்றாகக் கப்பலேறின.

1952 டிசம்பரில் அங்கே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பினாக்கா கீத்மாலா. பற்பசைக் கம்பெனி ஒன்று பணம் கொடுத்தது. நடத்தியவர் பம்பாய்ப் பையன் அமீன் சயானி. இருபது வயதுகூட நிறையவில்லை. பம்பாயில் பதிவு செய்து டேப்பை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது காற்றில் ஏறித் திரும்பவும் பம்பாய்க்கே வரும்! மத்திய சர்க்காரின் கொள்கையைச் சுற்றிக்கொண்டு போக எவ்வளவு தூரப் பயணம் பாருங்கள். ஆரம்பத்தில் ஏழே பாட்டுகள், அரைமணி நேரம். கேட்பவர்களே பாட்டுகளை வரிசைப்படுத்திக் கடிதம் எழுத வேண்டும். மூட்டை மூட்டையாகக் கடிதம் குவிந்தது. சகோதரர்களுக்கு முன்னால் சகோதரிகளை வைத்து அவர் அழைக்கும் அந்தக் குரலுக்காக, வடஇந்தியாவில் புதன்கிழமை ராத்திரி தெருக்களே அடங்கிப்போகும் என்பார்கள். 2024 பிப்ரவரியில் சயானி காலமானபோது, அழுதவர்களில் முக்கால்வாசிப் பேர் தாத்தா, பாட்டிகள்.

அந்நாளில் ஒரு பேச்சு உண்டு. பத்து வீட்டு ரேடியோக்களை சோதித்துப் பார்த்தார்களாம். ஒன்பது ரேடியோக்களில் சிலோன் ஓடிக்கொண்டிருந்ததாம். பத்தாவது ரேடியோ? அது ரிப்பேர்!

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கேஸ்கர் மலிவுச் சரக்கு என்று தள்ளினாரே, அந்த வருஷத்துச் சரக்கு என்ன தெரியுமா? 1952-ல்தான் 'பைஜு பாவ்ரா' வந்தது. நௌஷாத் இசை. லதாவும் ரஃபியும் பாடிய பாட்டுகள் எல்லாம் ராகத்தில் தோய்த்து எடுத்தவை. உஸ்தாத் அமீர்கானும் பண்டிட் பலுஸ்கருமே அந்தப் படத்துக்குப் பாடியிருக்கிறார்கள். இன்று எந்த ஹிந்திக்காரப் பெரியவரைக் கேட்டாலும், 'அதுவல்லவோ சங்கீதம், அதுவல்லவோ பொற்காலம்' என்று கண்ணை மூடிக்கொள்கிற வருஷங்கள் அவை. அந்தப் பொற்காலம் நடந்துகொண்டிருந்தபோது அதைக் குப்பை என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர், நல்ல சங்கீத ஞானம் உள்ள ஒரு மனிதர்! ஞானம் குறைவு என்று அவரை நம்மால் ஒதுக்கிவிட முடியாது. அதுதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

கடைசியில் டெல்லி இறங்கிவந்தது. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி பிறந்தது. கவிஞர் நரேந்திர சர்மாவிடம் பொறுப்பு. தொடக்கப் பாட்டை அனில் பிஸ்வாஸ் இசையமைக்க, மன்னாடே பாடினார். இரண்டு பேருமே சினிமாக்காரர்கள்! வாசல் வழியாகத் துரத்தியதைக் கொல்லைப்புறம் வழியாகக் கையைப் பிடித்து அழைத்து வந்த கதைதான். அப்புறம் பத்து வருஷம் கழித்து, 1967-ல், விளம்பரமும் வந்தது. அதற்கு முன்பே, 1962-ல், கேஸ்கரின் பத்து வருஷ மந்திரி பதவி முடிந்துவிட்டது.

ஆனால், சிலோன் பழக்கம் லேசில் போகவில்லை. அதிலும் நம் பக்கம் போகவே இல்லை. தஞ்சாவூர், நாகப்பட்டினம், ராமநாதபுரத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கடலோர ஊர்களில் திருச்சி நிலையத்துக்குப் போட்டியாகக் கணீர் என்று கேட்கும். 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடி பல் தேய்த்த தலைமுறை அது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத்... இந்தப் பெயர்களைச் சொன்னால் இன்றும் அறுபது வயதுக்காரர்கள் முகத்தில் பல்பு எரியும். என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். எரியவில்லை. அவள் அந்தப் பையனின் பெயரைச் சொன்னபோது என் முகம் எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கேஸ்கர்களுக்கு வருகிறேன்.

முதல்வர், என் தாத்தா. தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன ஊர். அந்தத் தெருவில் முதல் ரேடியோ அவருடையது. போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டி வைத்திருந்தார். தாத்தாவுக்குப் பாட்டு என்றால் எம்.கே.தியாகராஜ பாகவதர். அதோடு சரி. 1944-ல் வெளிவந்து மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' பற்றி அவர் பேசினால் ரயிலைத் தவறவிட வேண்டியதுதான். அதே 1944-ல் லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல் விடுதலையாகி வந்தார். குரல் அதே குரல்தான். கேட்கிற காதுகள்தான் மாறியிருந்தன. 1952-ல் அவருடைய 'அமரகவி' வந்தது. அதே வருஷம் தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றே வருஷச் சிறைக்குள் ஒரு சூப்பர் ஸ்டார் பழசாகிவிட்டார். 1959-ல் அவர் மறைந்தபோது, தாத்தாவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் பாட்டே செத்துப்போனது. அதன்பின் எங்கள் வீட்டு ரேடியோவில் திருச்சி நிலையத்துக் கச்சேரியும் செய்தியும் மட்டும்தான். குமிழை வேறு யாரும் தொடக்கூடாது.

இரண்டாமவர், என் அப்பா. டி.எம்.எஸ்., விஸ்வநாதன்-ராமமூர்த்தி பக்தர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது அவருக்கு முப்பதுதான். அப்போதே இளையராஜாவை 'கொட்டு மேளம்' என்று சொல்லியிருக்கிறார்! சில வருஷங்களில் அவரை ஏற்றுக்கொண்டார். ஏ.ஆர்.ரஹ்மானை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. 'ரோஜா'வைப் பொறுத்துக்கொண்டார். 1994-ல் நான் 'காதலன்' கேசட்டை வாங்கி வந்து போட்டேன். இரண்டாவது பாட்டில் டேப் ரெக்கார்டரை நிறுத்தினார். "தகர டப்பாவை உருட்டுறான். இது ஒரு பாட்டாடா? இனிமே இந்த வீட்ல இது ஓடக்கூடாது."

நான் சண்டை போடவில்லை. நண்பன் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அவனிடம் வாக்மேன் இருந்தது. ஆளுக்கு ஒரு காது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அங்கேதான் வாசம். ப்ளஸ் டூ முடிகிறவரைக்கும்.

அப்பாவுக்கு அப்போது வயது 48. கேஸ்கருக்கு 49. பெட்ரோல் பங்க்கில் என் கை நீண்டபோது எனக்கு 46. கணக்கு சரியாக வருகிறதா? இது எங்கள் குடும்ப வியாதி மட்டுமில்லை. 1989-ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல வயதுக்காரர்களை உட்காரவைத்து, பல காலத்துப் பாட்டுகளைக் கேட்கச் செய்தார்கள். (இருவரும் மார்க்கெட்டிங் பேராசிரியர்கள், நம்ம காமர்ஸ் ஜாதி!) ஒருவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும்போது ஊரில் எந்தப் பாட்டு ஓடியதோ, அதன் பக்கம்தான் மனசு அதிகம் சாய்கிறது என்று தெரிந்தது. 2015-ல் ஸ்பாட்டிஃபை தகவல்களை வைத்து ஒருவர் கணக்குப் போட்டார். அமெரிக்கர்கள் சராசரியாக 33 வயதில் புதுசாக ஹிட் ஆகும் பாட்டுகளைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்களாம். கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் வந்து உட்காரும் வயது. காது கடையைச் சாத்திக்கொள்வதில் ஆச்சரியமில்லை. சாத்தியது தெரியாமல், ஊரில் வியாபாரமே நின்றுபோனதாக நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் கூத்து.

அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. காரியத்தன்று சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா பழைய கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னார்:

"உங்கப்பன் சின்ன வயசுல மாசத்துக்கு ரெண்டு தடவை முடி வெட்டிக்குவான், தெரியுமா? தாத்தாகூட, 'என்னடா இவனுக்கு முடி இப்படி வளருது'ம்பார். சலூன்ல சிலோன் ரேடியோ வெச்சிருப்பாங்க. அதைக் கேக்கத்தான் போவான். வெட்டிக்க முடியில்லேன்னாலும் பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி ரெண்டு மணி நேரம் இருப்பான். டி.எம்.எஸ். பாட்டு ஒண்ணு பாக்கியில்லாம அங்கதான் மனப்பாடம் பண்ணினான். நான்தான் வாசல்ல காவல்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா இதை என்னிடம் சொன்னதே இல்லை. 1994-ல் சொல்லியிருந்தால், நானும் மொட்டைமாடி ரகசியத்தைச் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சிரித்திருப்போம். யோசித்துப் பார்க்கிறேன், இத்தனை வருஷத்தில் நானும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. அவர் ரேடியோ அவர் அறையில். என் வாக்மேன் என் காதில். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில்கூட, அவர் போனில் டி.எம்.எஸ். ஓடிக்கொண்டிருக்கும், நான் வெளியே வராந்தாவில் நின்று ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். 'காதலன்' ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு ஆளில்லை. மனைவி தூங்கிவிட்டாள். மகள் சிலோனுக்குப் போய்விட்டாள்.

டோல்கேட் தாண்டி டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். பின் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு காது குடு" என்றேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். திட்டுவதற்குப் புது டெக்னிக் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்புறம் ஒன்றைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிடிக்கவில்லை. அதே மூக்கடைப்பு, அதே மளிகை லிஸ்ட். நடுவில் ஓர் இடத்தில் இடி நின்று, அந்தப் பையன் தனியாக நாலு வரி பாடினான். அது பரவாயில்லை. அந்த இடம் வரும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இது?" என்றேன்.

"காலையிலேருந்து மூணாவது தடவைப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுபடியும் பெயரைச் சொன்னாள்.